நாற்பது நிமிடம்

செப்டம்பரில் ஹெலிகாப்டரிலிருந்து எண்ணினோம்.
கதவு கழற்றிய பக்கம் நான்,
மடியில் அட்டை, கயிற்றில் பென்சில்.
கலை, பிணை, மறி: மூன்று பத்தி.
கருவேல முள்ளுக்குள் ஒளிந்ததை
இறக்கைக் காற்று கிளப்பிவிடும்;
ஓடுவதற்கு ஒரு கோடு.
தெற்கு டெக்சஸில் நாலாயிரம் ஏக்கர்,
மழையில்லாத இரண்டாம் வருடம்.
மறிப் பத்தி ஏறக்குறைய வெள்ளை.

கணக்கு முடிந்ததும் ஷ்ராம் சொன்னார்:
எலிசியோ, பிணையில் அறுபது குறையணும்.
கலை பதினான்கு. அதில் இருபத்திரண்டும் ஒன்று.

இருபத்திரண்டுக்கு வயது நாலு.
இன்னும் இரண்டு வருடம் விட்டால், என்று ஆரம்பித்தேன்.
மேசையிலிருந்த வங்கிக் கடிதத்தைத் திருப்பி வைத்தார்,
எழுத்து என் பக்கம் தெரியும்படி.
ஒன்பதாயிரம் டாலர்.
டல்லாஸிலிருந்து ஒரு பல் மருத்துவர்
முன்பணம் கட்டிவிட்டார்.

நாலு வயதில்
கழுத்து இன்னும் தோளோடு சேர்ந்திருக்காது.
கொம்பு பெரிது; உடம்பு அதை இன்னும் நம்பவில்லை.
தண்ணீர்த் தொட்டிக்கு வந்தால்
பிணைகளை முதலில் குடிக்கவிட்டு
சப்பாத்திக் கள்ளியின் நிழலில் நிற்கும்.
மரியாதை இல்லை, பயம்.
பயப்படத் தெரிந்தது இருக்கட்டும் என்று
எனக்கு ஒரு விதி உண்டு.
எந்தப் பத்தியிலும் அதற்கு இடமில்லை.

ஆறாம் எண் சோளப் பீப்பாய்
மாலை ஐந்தரைக்குத் தூவும்.
ஆறு ஐந்துக்கு மேல் சுட முடியாது, சட்டம்.
டிசம்பர் மூன்றாம் தேதி நண்பகலில்
தனியாகப் போய்
ஆறு பத்துக்குத் திருப்பி வைத்தேன்.
பெட்டியை மூடும்போது கை நடுங்கவில்லை.
அதுதான் ஆச்சரியம்.

மறைவுக் கூண்டில் டாக்டர் ப்ரூயட்,
மூச்சை அடக்கத் தெரியாத பெரிய உடம்பு.
பிணைகள் வந்தன, வெறுந்தரையை முகர்ந்தன,
பீப்பாயை நிமிர்ந்து பார்த்தன,
ரேஷன் கடைப் பூட்டைப் பார்ப்பது போல.
ஐந்து ஐம்பதுக்கு ஒரு கிழக் கலை.
எட்டு முனை, இடப்பக்கம் முறிந்தது,
முதுகு பள்ளம், வயிறு தொங்கல்.
"இதுவா?"
"இன்று இதுதான். விலை மூன்றில் ஒரு பங்கு."
கொஞ்சம் யோசித்தார். சுட்டார்.
சுத்தமாகவே.

தோலுரிக்கும் கொட்டகையில்
கீழ்த்தாடையை அறுத்துக் கழுவி நீட்டினேன்.
வயது பார்க்க எல்லோரிடமும் நீட்டுவேன்;
கண் கொம்பிலேயே இருக்கும்.
இவர் அதை வாங்கிக்கொண்டு
விளக்குக்குக் கீழே போய் நின்றார்.
கடைவாய்ப் பற்களைக் கட்டைவிரலால் தடவினார்,
ஒவ்வொன்றும் தேய்ந்து தரையாகியிருந்தது.
எலும்பில் ஒரு குழி. விரல் அங்கேயே நின்றது.
"சீழ் கட்டியிருக்கிறது. ஒரு வருடமாவது இருக்கும்.
அந்தப் பக்கத்துத் தாடையையும் கொண்டுவாருங்கள்."
கொண்டுவந்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
"ஆமாம், இதில் மட்டும்தான் மென்றிருக்கிறது."
கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் இல்லாமல்:
"எப்படித் தூங்கிற்று?"

கொம்பை அளக்க நாடா கேட்கவில்லை.
தாடைகளைக் கைக்குட்டையில் சுற்றி
முன்சீட்டில் வைத்துக்கொண்டு போனார்.

பேட்டரி இறங்கிவிட்டது என்றேன் ஷ்ராமிடம்.
என்னைப் பார்த்தார், பிறகு வானத்தை.
ஆறாயிரம் டாலர்.
என் சம்பளமும் அதே பெட்டியிலிருந்துதான் வருகிறது.

ராத்திரி கேமரா அட்டையைச் செருகினேன்.
ஆறு பன்னிரண்டு: இருபத்திரண்டு,
வாய் நிறையச் சோளம்,
கண் இரண்டும் வெள்ளிக் காசு.
அதே அட்டையில், பன்னிரண்டு பதினேழு:
என் தொப்பி. என் கை. திறந்த பெட்டி.
கேமராவுக்கு எல்லா உடம்பும் ஒரே சூடு.
இரண்டையும் அழித்தேன்,
என்னுடையதை முதலில்.

ஜனவரியில் பிணைகள் அறுபதும் குறைந்தன.
ஐம்பத்தெட்டு என் துப்பாக்கி.
அவற்றில் ஒன்றுக்கும்
நான் எண் வைத்திருக்கவில்லை.