ஆறு இல்லாத படம்

பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டான் தார்தோ.
மொண்டெவிடியோவில் ஜூலை. குளிர்.
திரைப்படக் கழக வாசலில் வரிசை நகரவேயில்லை.
அவன் கழுத்தில் பச்சைத் துண்டு.
பார்க்காதவர்களோடு அவன் பேசமாட்டான் என்று தோன்றியது.
பார்த்திருக்கிறேன், என்றேன்.

எந்தக் காட்சி பிடிக்கும் என்று
அடுத்த கேள்வி வரும் என்பதை
அவசரத்தில் பொய் சொல்பவர்கள் யோசிப்பதில்லை.
ஆற்றைக் கடக்கிற காட்சி, என்றேன்.
பழைய படம் என்றால்
யாராவது ஓர் ஆற்றைக் கடந்துதானே ஆகவேண்டும்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.
ஆமாம், அந்த ஆறு.
எனக்கு, கடிதத்தை எரிக்கிற இடம்.

முப்பத்தொரு வருடம்
முழுப் பூசணிக்காயை அந்த ஒரே சோற்றில் மறைத்தேன்.
மட்டமான படங்களை இரண்டு முறை பார்த்தோம்.
தூங்கி வழிந்துகொண்டு பார்த்தோம்,
சண்டையிட்டு ஓர் இருக்கை விட்டு உட்கார்ந்து பார்த்தோம்.
அது மட்டும் வாய்க்கவில்லை.
ஒரு தடவை மகளுக்கு அம்மை.
ஒரு தடவை தொலைக்காட்சியில், இரவு இரண்டு மணிக்கு;
அதுதான் பார்த்தாச்சே என்று அவன் விளக்கை அணைத்தான்.
நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்திருந்தேன்.
யாரோ பரிசளித்த வட்டு
மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில்
பிரிக்காத உறையோடு கிடக்கிறது.

கறிக்கடை எபெருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை.
கொக்கிகளுக்குப் பின்னால், சுவரில்,
நூறு படங்களின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான்.
முதலாவது அதுதான்.
ஒன்றைக்கூட அடித்ததில்லை.
வெட்கமில்லையா என்றால்
கத்தியைத் துடைத்துக்கொண்டே சொல்வான்:
சேர்த்து வைத்திருக்கிறேன்.
பிறகு கேட்பான்,
அந்த ஆற்றைக் கொஞ்சம் சொல்லு.
நான் சொல்லுவேன்.
வருடத்துக்கு வருடம் அதில் தண்ணீர் கூடியது.
ஒரு குதிரை வந்து சேர்ந்தது, பிறகு படகோட்டியின் இருமல்.

போன செவ்வாய்க்கிழமை
புதுப்பித்த பிரதியைப் போட்டார்கள்.
தப்பிக்க வழியில்லை, மகளே சீட்டு வாங்கிவிட்டாள்.

படம் முழுக்க உப்பளம்.
மூன்று மணி பத்து நிமிடம்.
கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை,
ஒரு குவளைத் தண்ணீர் கிடையாது.
நாயகனுக்கு எழுத்தே தெரியாது,
கடிதம் எங்கிருந்து வரும்?

முதல் ஒரு மணி நேரம்
ஆறு வந்துவிடாதா என்று பார்த்தேன்.
பக்கத்தில் அவன்
தீக்குச்சி உரசும் சத்தத்துக்குக் காத்திருந்தது
தோளில் தெரிந்தது.
ஓர் இடத்தில் அந்தப் பெண்
தன் மணிக்கட்டைத் தானே நக்கிப் பார்க்கிறாள்.
அவ்வளவுதான் காட்சி.
அதை ஒழுங்காகப் பார்த்திருக்கலாம்.
அதற்குள் தார்தோவுக்குச் சிரிப்பு வந்து
பச்சைத் துண்டை
(அதே துண்டில்லை, அதற்கு அடுத்ததற்கு அடுத்தது)
வாயில் அடைத்துக்கொண்டான்.
முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார்.
அவர் எத்தனை தடவை பார்த்தவரோ.

கரையோரச் சாலையில் நடந்தே வந்தோம்.
ஒன்றும் பேசவில்லை.
பக்கவாட்டில், கடல் போலக் கிடக்கிற,
இந்த ஊர் ஆறு என்றே அழைக்கிற தண்ணீர்
சுவரில் மோதிக்கொண்டிருந்தது.
குடுவையிலிருந்து மாத்தே ஊற்றி
முதல் உறிஞ்சலை எனக்குக் கொடுத்தான்.
அவன் அப்படிக் கொடுப்பவன் அல்ல.

மறுநாள் காலை எபெர்
எலும்பை வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்:
எப்படி இருந்தது ஆறு?

தார்தோ என்னைப் பார்க்கவில்லை.
வெள்ளம் அதிகம், என்றான்.
குதிரை பயந்துவிட்டது.

பிரதியைச் சுத்தம் செய்திருக்கிறார்கள் அல்லவா,
என்றேன் நான்,
இப்போது அடிமணல்கூடத் தெரிகிறது.