செம்பு வளையம் இல்லை

சின்னப்பாலத்தில் முதலில் பார்த்தது நான்தான்.
பாசி எடுக்கையில் நான் மாட்டும் கண்ணாடியை
விளையாட்டாய் மாட்டிக்கொண்டு திரும்பினாள் அனிஸ்டா.
வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில்
வெயிலில் கிடந்த பழைய குடத்தின் மஞ்சள்.

கீழாநெல்லி அரைத்தோம், மோரில். ஏழு நாள்.
வடிந்தது.
வடிந்ததற்கு ஓரியூரில் மெழுகுவத்தி ஏற்றினோம்.
பங்குனியில் திரும்ப வந்தது,
மூக்கில் ரத்தத்தையும் முழங்காலில் வலியையும் கூட்டிக்கொண்டு.

ராமநாதபுரத்தில் ஏ இல்லை என்றார்கள். பி இல்லை. சி இல்லை.
எல்லா எழுத்தும் இல்லையென்றால் நல்லதுதானே,
அவள் அப்பா கேட்டார்.
தாளிலிருந்து யாரும் தலை தூக்கவில்லை.

மதுரையில் ஒரு டாக்டரம்மா
இருட்டறையில் கீற்று வெளிச்சம் பாய்ச்சி
கருவிழி ஓரத்தில் செம்பு வளையம் தேடச் சொன்னார்.
ஈரலில் செம்பு சேரும் பிள்ளைகளுக்கு அப்படி விழுமாம்.
இல்லை.
நான் மூச்சு விட்டேன்.
அவர் விடவில்லை.
"வீட்டில் யாருக்காவது தைராய்டு, சின்ன வயசுச் சர்க்கரை,
தோலில் வெண்திட்டு?"
என் தங்கச்சியின் உதட்டோர வெள்ளையை,
மாப்பிள்ளை வீட்டுக்கு மறைத்து வைத்திருக்கும் அதை,
முதல்முறை ஒரு வேற்று ஆளிடம் சொன்னேன்.
பேனா அதன் கீழே கோடு இழுத்தது.

ரத்தம் சென்னைக்குப் போனது. பதினோரு நாள்.
பதினோரு நாளும் கடலுக்குப் போனேன்.
மரிக்கொழுந்துப் பாசி பாறையை லேசில் விடாது,
விரலில் சுற்றிய துணி கிழியும்.
மூச்சு முட்டுமட்டும் கீழே கிடந்தால்
எதையும் நினைக்க வேண்டியதில்லை.

பிறகு ஊசி,
விலா இடுக்கில்.
வெளியே வந்தது நெத்திலி முள் அளவு.

டாக்டரம்மா சீட்டின் பின்பக்கம் வரைந்தார்.
"காவலுக்கு நிற்கிற அணுக்கள், பாருங்க,
கரையைத் தின்னுட்டு உள்ளே வருது."
அவள் அப்பாவுக்குக் கரை புரிந்தது.
"நம்ம படகு நம்பரே தெரியாம நம்மாளே சுடுறானா?"
"அப்படித்தான்."
"யாரு சொல்லி?"
அவர் பேனாவை மூடினார்.

பெயர் கிடைத்துவிட்டது.
நீளமான பெயர், தன்னெதிர்ப்பு என்று தொடங்கும்.
பார்த்திபனூர் தாண்டுமட்டும் வாய்க்குள் சொல்லிப் பழகினேன்.
பரமக்குடியில் விழித்துக் கேட்டாள்:
"என் உடம்புக்கு என்னைப் பிடிக்கலையாம்மா?"
கடலைக்காரன் ஏறினான். வாங்கினேன்.
உப்பைக் குறைக்கச் சொன்னது அப்புறம்தான் நினைவு வந்து
ஒவ்வொன்றாய் முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன்.

இப்போது காலை எட்டு மணிக்கு வெள்ளை மாத்திரை.
முகம் உப்பிவிட்டது. பள்ளியில் பேத்தை மீன் என்கிறார்கள்.
"பேத்தைக்கு முள்ளு இருக்குடா" என்றுவிட்டு வந்தாளாம்.

நேற்று மறுபடியும் கண்ணாடியை மாட்டி
என் பக்கம் திரும்பினாள்.
வெளிச்சம் போதவில்லை.
கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன்.