காலி எடை

இந்த விளையாட்டில் நிறுத்தி வைக்கும் பொத்தான் கிடையாது.
லாரி ஹாரன் அடித்தால்
எலும்புக்கூடு காத்திருக்காது.

மாமாங்கம் தாண்டி
வெள்ளைக்கல் குழிக்குப் போகும் மண்பாதையில்
ஒரு தகர அறை, ஒரு மின்விசிறி, ஒரு எடைமேடை, நான்.
இரவு எட்டிலிருந்து காலை ஆறு.
குழிக்காவது அடி உண்டு,
படிபடியாய் வெட்டி இறங்கினால்
மழைத்தண்ணீர் பச்சையாய் நிற்கும்.
போனுக்குள் இருக்கும் நிலவறைக்குக் கடைசித் தளமே இல்லையென்று
நானூற்றுப் பன்னிரண்டு முறை செத்துத் தெரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு முறையும் துருப்பிடித்த கத்தி,
அரை ரொட்டி,
எண்ணெய் தீரப்போகும் விளக்கு.
நேற்று கதவு இருந்த இடத்தில் இன்று சுவர்.
நேற்று உயிர் தந்த பச்சைக் குப்பியில் இன்று நஞ்சு.
மனப்பாடம் செய்தவள் முதலில் சாவாள்.

"எத்தனாவது மாடிம்மா?"
டிப்பரை மேடையில் ஏற்றிவிட்டுக் கேட்பார் அர்த்தநாரி.
மாடி இல்லண்ணா. கீழ.
"கீழன்னா பாதாளமா?"
அதுக்கும் கீழ.
அவர் சிரித்து முடிப்பதற்குள் எண் ஆடி நின்றுவிடும்:
பதினோராயிரத்து நாற்பது, காலி.
சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டுத் திரும்பினால்
வௌவால்கள் என்னைத் தின்று முடித்திருக்கும்.

காலியாய்ப் போகும், பாரமாய் வரும்,
மறுபடி காலியாய்ப் போகும்.
எட்டு வருஷமாய் இதை எடை போடுகிறவளுக்கு
அதே கத்தியோடு முதல் படியில் நிற்பது
அவ்வளவு அவமானமாகத் தெரியவில்லை.

நடுநிசியில் கதவைத் திறந்தால்
சேர்வராயன் மேல் ஒரே ஒரு கார் வெளிச்சம்
வளைந்து, மறைந்து, வளைந்து.
ஏற்காட்டுக்குக் கொண்டைஊசி இருபது,
ஒவ்வொன்றுக்கும் பலகை, பலகையில் எண்,
முடிந்தால் ஏரி, மிளகாய் பஜ்ஜி.
எண்ணிக்கொண்டே ஏறுகிறவர்கள் மேல்
கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் சிரிப்பு.

போன செவ்வாய், முப்பத்தேழாம் தளத்தில்
முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி நின்றாள்.
தலைக்கு மேல் பெயர்: மாதேஸ்வரி.
விளையாட்டின் குசும்பு அது.
செத்த இடத்தில் செத்தவளை விட்டுவைக்கும்,
சேர்த்ததெல்லாம் அவள் மேலேயே.
ஆடி மாசம் நான் இழந்த நெருப்பு மோதிரம்,
முள்தோல் கவசம்,
மிச்சம் பிடித்து, குடிக்காமலே செத்த
மூன்று குப்பி மருந்து.

நான் இடப்பக்கம் பாய்ந்தேன், அவளும் இடப்பக்கமே.
மூலைக்கு ஒதுங்குகிற அந்தப் பயம் என்னுடையது.
உயிர் ஒரு கோடாய் இளைத்தபோதும்
மருந்தை அவள் தொடவில்லை.
அப்புறம் ஆகும், அப்புறம் ஆகும் என்று
இடுப்பிலேயே வைத்திருந்தாள்.
அதைப் பார்த்துத்தான் எனக்குக் கை தளர்ந்தது.

ஹாரன்.
இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அர்த்தநாரி.
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன், காலியா?
காலி.
எண் நின்றது: பத்தாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

அறுபது கிலோ குறைகிறது.
டீசலா என்றேன், டேங்க் ஃபுல் என்றார்.
இடப்பக்க சீட்டைப் பார்த்தேன்.
எப்போதும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டே
லாரியோடு சேர்ந்து எடை ஏறுகிறவன்.
"பையன் எங்கண்ணா?"
"திருப்பூரோ என்னவோ. சொல்லாமப் போயிட்டான்.
தூக்குப்போசி மட்டும் கெடக்கு."

இந்த வித்தியாசத்துக்குச் சீட்டில் கட்டம் கிடையாது.
புது எண்ணை அடித்துக் கிழித்துக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டவர் ஒரு நிமிஷம் கியர் போடவில்லை.
பிறகு குழிக்குள் இறங்கினார்,
பின்விளக்கு சிவப்பு ஒவ்வொரு படியாய்.

திரையில் ஒரு வரி எழுதியிருந்தது:
மாதேஸ்வரியால் மாதேஸ்வரி கொல்லப்பட்டாள்.
எந்த மாதேஸ்வரி என்று அதில் இல்லை.

துருப்பிடித்த கத்தி. அரை ரொட்டி. விளக்கு.
முதல் தளத்தின் முதல் அறையிலேயே
ஒரு குப்பி கிடந்தது, ஊதா நிறம்,
இதுவரை பார்த்ததில்லை.

எடுத்தேன்.
அங்கேயே நின்று குடித்தேன்.