முழங்காலுக்கு இரண்டு படங்கள்

மார்ச்சில் ஒன்று, மே மாதம் ஒன்று.
இரண்டையும் எடுத்தது நான்தான்,
கிஸ்போர்ன் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில்.
டமஹோ. பன்னிரண்டு வயது. வாட்டசாட்டமான பையன்.
இடது முழங்காலைத் தொட்டு
"இங்கேதான்" என்றான்.
காட்டிய இடத்தைப் படம் பிடித்தேன்.
முழங்காலில் ஒரு பழுதும் இல்லை.
வளரும் பிள்ளைக்கு வருகிற வலி என்று
தாளில் எழுதினார்கள், இரண்டு தடவையும்.

ஜூலையில் தங்கை ஹினேவாயும் கூட வந்தாள்.
வாசலில் நின்று பிஸ்கட் கடித்தபடி
யாரும் கேட்காமலே சொன்னாள்:
"அண்ணன் இப்பல்லாம் குதிரைல தப்பான பக்கம் ஏறுறான்.
குதிரைக்கே பிடிக்கல."

ஈய அங்கியைப் பாதி மாட்டியவள்
அப்படியே நின்றேன்.
இடப்பக்கம் ஏறுகிறவனின் இடக்கால்
அங்கவடியில் ஊன்றி
ஒரு கணம் முழு உடம்பையும் தாங்கவேண்டும்.
அவன் பாதத்தைப் பார்த்தேன்.
படுத்திருக்கும்போதும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது,
கிளம்ப நினைக்கிற விருந்தாளி போல.

மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து அனுமதி வாங்கி
கருவியை ஒரு முழம் மேலே நகர்த்தினேன்.
ஒரு முழம்.
அதைக் கடக்க எங்களுக்கு நான்கு மாதம்.

திரையில்
தொடை எலும்பின் தலை கிண்ணத்துக்குள் கிடக்க
கழுத்து நழுவி முன்னால் போயிருந்தது.
நடுவே வளர்தட்டு,
பசை காய்வதற்குள் ஆட்டிவிட்ட ஒட்டு.
நோவு ஓரிடம், சூடு ஓரிடம்.

இனி ஓர் அடிகூட நடக்கக்கூடாது என்று
சக்கர நாற்காலி வந்தது.
மாண்டரின் பொதியும் கொட்டகையிலிருந்து
தலைவலையைக் கழற்றாமல் ஓடிவந்தாள் அம்மா.
"சோம்பேறின்னு திட்டினேன். ஓட வெச்சேன்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி, காப்பி இயந்திரத்தின் பக்கத்தில்,
படிவத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்:
"வலிக்காத காலுக்கும் ஒண்ணு போடணுமாம். எதுக்கு?"
அப்போதுதான் சொன்னேன்,
அந்த இரண்டு படமும் என்னுடையவை என்று.
வலி சொன்ன இடத்தை நம்பினேன் என்று.
வெகுநேரம் என்னையே பார்த்தாள்.
பிறகு பேனா கேட்டாள்.

காலுக்கு ஒரு திருகாணி, விரல் நீளம்,
கழுத்தில் நுழைந்து வளர்தட்டைத் தாண்டித்
தலைக்குள் நின்றது.
நழுவியதைப் பின்னால் தள்ளவில்லை;
தள்ளினால் ரத்தம் அறுந்துபோகலாம்.
இருந்த இடத்திலேயே பூட்டினார்கள்.
அந்த இடம் இனி வளராது.
அதுதான் வைத்தியம்.

ஜனவரியில் சோதனைப் படத்துக்கு வந்தார்கள்.
திரையில் தன் திருகாணிகளைத் தானே எண்ணினான் டமஹோ.
"குதிரை?" என்றேன்.
ஹினேவாய் உதட்டைப் பிதுக்கினாள்:
"அது இப்ப வலப்பக்கம் காட்டித்தான் நிக்குது.
மறுபடி முதல்லேர்ந்து பழக்கணும்."