மூடிய காலணி அவசியம்

சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர்
வாட்ஸாப்பில் அனுப்பியது நாலே வரி.
காலை பத்தேகால்.
மூன்று பேருக்கு மேல் வேண்டாம்.
பேச்சு மூன்று நிமிடம்.
மூடிய காலணி அவசியம்.

பாகான் டாலாமில் எங்கள் இல்லத்தின்
சாப்பாட்டு மேசையைத் துடைத்து
காகிதங்களைப் பரப்பினோம்.
சாம்பார் வாடை போகவில்லை.
இருக்கட்டும்,
நம்ம வீட்டு முத்திரைதானே என்றாள் செலஸ்டினா.
முப்பது வருடம் பிரசவ வார்டில் தாதி,
எதையும் முதலில் முகர்ந்து பார்ப்பவள்.

மலாயில் ஒரு கெர்த்தாஸ் கெர்ஜா, ஆறு பக்கம்.
எட்டுக் கட்டில், பதினொரு பெண்கள்,
மூவருக்குத் தரையில் மெத்தை.
ஆஸ்பத்திரிக்குப் போய்வர
மாதம் எத்தனை வெள்ளி என்று ஒரு கட்டம்.
வயிறு தெரியத் தொடங்கியதும்
தொழிற்சாலை விடுதியிலிருந்து
பெட்டியோடு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர் என்று
இன்னொரு கட்டம்.
அதில் எண்ணை எழுதிவிட்டு
பேனாவைக் கீழே வைத்தாள் ஜமுனாராணி,
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

முட்டை அவிக்கும் டைமரை
மூன்று நிமிடத்துக்கு முறுக்கிவைத்து ஒத்திகை.
'யாங் பெர்ஹொர்மாட்' என்று வணங்கித் தொடங்க
பத்து வினாடி.
நன்றி சொல்ல எட்டு.
நடுவில் மிஞ்சுவதில்
ஒரு பெண்ணின் ஒன்பது மாதத்தை
எந்த இடத்தில் வெட்டுவது?
முதல் தடவை
ஐந்தாம் மாதத்திலேயே மணி அடித்துவிட்டது.
நான்காம் தடவை
பிரசவம்வரை வந்துவிட்டேன்,
பணம் கேட்க மறந்துபோனேன்.

மூன்றாம் பக்கத்தில் அவள் இருக்கிறாள்.
பெயர் மாற்றப்பட்டுள்ளது என்ற குறிப்போடு.
பத்தொன்பது வயது,
குடும்பத்தால் கைவிடப்பட்டவர்.
மனு எழுதிப் பழகிய வழக்கறிஞர் சொல்லியிருந்தார்:
அந்தச் சொல்லில்தான்
கைப்பேசியிலிருந்து தலை நிமிர்வார்கள்.
அந்த ஒரு சொல்
இரண்டு கட்டிலுக்குச் சமம்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள்
என் தோளுக்கு மேல் குனிந்து படித்தாள்.
பெயர் மாறியிருந்தும்
தன்னைக் கண்டுபிடிக்க
அவளுக்கு நேரம் ஆகவில்லை.

"என்னை யாரும் கைவிடலக்கா.
அப்பா கதவைப் பூட்டல.
கையில எண்ணூறு வெள்ளி இருந்துச்சு.
தைப்பிங்ல அஞ்சரை பஸ்ல
நானேதான் ஏறினேன்.
ஜன்னல் சீட்டு."

ஜன்னல் சீட்டையும் எழுதச் சொல்வாள் போலிருந்தது.

செலஸ்டினா என்னைப் பார்த்தாள்.
நான் டைமரைப் பார்த்தேன்,
அது எப்போதோ நின்றிருந்தது.
"ரெண்டு கட்டில்" என்றாள் ஜமுனா,
யாரிடமும் இல்லாமல்.

அழித்தேன்.
அந்த இடத்தில் மலாயில் இரண்டே சொல்:
டாத்தாங் செண்டிரி.
தானாக வந்தார்.
தானாக வந்தவளுக்கு
அரசாங்கம் எதற்குக் கட்டில் தர வேண்டும்?
கேட்பார்கள்.
பதிலுக்கு இருபது வினாடி ஒதுக்கினோம்,
பதில் இன்னும் இல்லை.

நள்ளிரவில்தான் காலணி நினைவுக்கு வந்தது.
என்னிடம் இருப்பது செருப்பு, இரண்டு ஜோடி,
ஒன்றில் வார் அறுந்தது.
அவள் தன் கட்டிலடியிலிருந்து
பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தாள்.
கறுப்பு. பிறை தொழிற்சாலை நேர்முகத்துக்கு
ஒரே ஒரு முறை போட்டது.
"இப்ப என் கால் உள்ள போகாது, வீக்கம்.
பத்திரமா திருப்பிக் குடுத்துடுங்க.
குழந்தை பொறந்ததும் எனக்கு வேணும்."

பட்டர்வொர்த் ஃபெரியில்
பசியாறாமல் நிற்கிறோம் மூவரும்.
செலஸ்டினா கோப்பைச் சேலைத் தலைப்பால் மூடியிருக்கிறாள்,
மழை இல்லை, ஆனாலும்.
காலணி எனக்கு அரை அளவு சின்னது.
ஜார்ஜ்டவுன் கரை கிட்ட வர வர
டைமர் இல்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.
யாங் பெர்ஹொர்மாட்,
பணம் கேட்கத்தான் வந்திருக்கிறோம்,
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பிறகு,
ஒரு பெண் அஞ்சரை பஸ்ஸில் ஏறினாள்.

அதற்கு மேல் வரவில்லை.
வலது கால் கடிக்கிறது.