இருக்கும்

ஹட்டனில், தொழில் நியாய சபையில்,
மழை வந்தால் விளக்கு மங்கும் மாடியில்
அவர்கள் சிங்களத்தைத் தமிழாக்குகிறேன்,
இவர்கள் தமிழைச் சிங்களமாக்குகிறேன்.
பதினொரு வருசமாக இதுதான் சோறு.

பூங்காவனம். நாலாம் நம்பர் மலை.
வயது?
"நாப்பத்தாறு இருக்கும்."
அன்றைக்குப் பறித்த கொழுந்து?
"இருவது கிலோ இருக்குங்கய்யா."
புத்தகத்தில் பதினாறு.
பதினாறுக்கு அரைப்பேர்தான்.

கம்பனி வக்கீல் எழுந்தார்.
உறுதியா, ஊகமா?
சாட்சி ஒரு சொல்லில் சொல்லட்டும்.

ஒரு சொல்லில்தானே சொன்னாள்.
அதை நான் எங்கே கொண்டுபோய் இறக்க?
பள்ளியில் அதற்கு எதிர்காலம் என்று பெயர்.
நாளைக்கு மழை இருக்கும்:
கேட்டவர் குடையைத் தேடுகிறார், எடுக்காமலும் போகிறார்.
வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கல் இருக்கும்:
இதில் ஐயமே இல்லை, ஏனத்தோடு போகலாம்.
ராத்திரி லயத்துக் கதவில் சத்தம்.
"பூனையா இருக்கும், படு."
பூனை பாதி, பயம் பாதி.

சிங்களத்தில் 'எத்தி' என்று ஒன்று உண்டு.
இருக்கலாம் என்றும் பொருள், போதும் என்றும் பொருள்.
அதைத்தான் சொன்னேன்.
தட்டெழுத்துக்காரி நிமிராமலே
ஊகம் என்று அடித்தாள்.
போதும் என்பது யார் காதிலும் விழவில்லை.

தராசுக்கு இந்த விகுதி கிடையாது.
தண்ணிக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று,
கணக்கப்பிள்ளை வாய்க்கு வந்தபடி இன்னொன்று,
கழித்த பிறகும் முள்
சந்தேகமில்லாமல் நிற்கிறது.

கூண்டின் விளிம்பில் அவள் விரல்கள்,
வெடிப்புகளில் கறுப்பாய்ச் சாயம்.
முப்பது வருசம் கூடைக் கயிறு இழுத்த கழுத்துக்கு
இருபது எதுவென்று தெரிந்திருக்கும்.
பாருங்கள், எனக்கும் அதே வால்.

துரை முன்னால் நின்று
'இருபதுதான்' என்று சொல்ல
அந்த மலையில் யார் பழகினார்கள்?
இதையெல்லாம் மொழிபெயர்ப்பில் சேர்க்க முடியாது.
திருத்தம் ஒன்று, ஐயா, என்று எழலாம்தான்.
எழவில்லை.
அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டார்கள்,
அதையும் நான்தான் தமிழில் கூப்பிட்டேன்.

படியில் எனக்காக நின்றிருந்தாள்.
செருப்பு கையில், சேலை முழங்கால்வரை நனைந்து.
"நமக்குக் கெடைக்குமா தம்பி?"

கிடைக்கும், என்றேன்.

டிக்கோயா பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
போகுமுன் என் முகத்தை ஒரு தடவை
நிறுத்துப் பார்த்தாள்.
எவ்வளவு கழித்தாளோ.