இழுப்பறையில் மிச்சமிருந்தவர்கள்

பகலில் பல் செய்கிறேன்,
ஒலோமௌட்ஸ் நகரத்து வாய்களுக்கு.
நேற்று ஒரு நோட்டரியின் கடைவாய்ப்பல்,
நிறம் ஏ மூன்று: தேநீர் குடிப்பவரின் மஞ்சள்.
இரவில் அதே ஊசித் துரப்பணம்,
அதே உருப்பெருக்கிக் கண்ணாடி.
நாற்பத்தெட்டில் ஒரு பங்காய்ச் சுருங்கிய
ஆல்பட்ராஸின் மேலிறக்கையில்
மயிர் நுழையும் துளை போடுகிறேன்.

இரட்டை இறக்கை என்றால்
பாதி வேலை கம்பி கட்டுவதுதான்.
மேலிறக்கை தூண்களில் உட்காரும்வரை மூச்சு விடக்கூடாது.
ஒரு தூண் இம்மி சாய்ந்தாலும்
படையே குடித்துவிட்டு வந்ததுபோல் நிற்கும்.
ஒட்டுப்பலகை உடலுக்கு முதலில் மஞ்சள்,
அதன்மேல் பழுப்பு எண்ணெய் வண்ணம்;
கிழிந்த பஞ்சால் ஒரே இழுப்பு.
மரத்தின் ரேகை வந்துவிடும், வராமலும் போகும்.

ஒட்டகருக்குச் சரக்கு ரயில் முனையத்தில் இரவுப்பணி.
விடியலில் திரும்பி, அணையாத விளக்கைப் பார்த்து
"பறந்துச்சா?" என்பார்.
"பெட்ரோல் இல்ல" என்பேன்.
பதினோரு வருடமாய் இதே கேள்வி, இதே பதில்.

பெட்டிக்கு ஒரு விமானம்தான்.
ஒட்டுப்படத் தாளிலோ விமானிகள் நான்கு பேர்.
வழிகாட்டி ஏடு அதிகம் பேசாது:
அ. கார்ப்பரல், வெள்ளை மான். ஜூனில்
பியாவே ஆற்றின்மேல் காணாமல் போனார்.
ஆ. லெப்டினன்ட், கறுப்புச் சேவல்.
பிழைத்தார், பின்னாளில் சைக்கிள் கடை.
இ. பெயர் தெரியவில்லை. எண் ஏழு.
ஈ. புகைப்படம் மங்கல். நிறம் ஊகம்.

ஏனோ என் கத்தரிக்கோல்
திரும்பி வராதவர் பக்கமே போகும்.
மற்ற மூவரும் இழுப்பறைக்கு.
அந்த இழுப்பறை இப்போது சரியாக மூடுவதில்லை.

பிப்ரவரியில், உறைந்த குளத்தில் அபொலெனா விழுந்தாள்.
இடது முன்கை, இரண்டு எலும்பும்.
முழங்கை தாண்டி மாவுக்கட்டு.
வகுப்பில் எல்லோரும் பெயர் எழுதக் கேட்டார்களாம்;
இவள் கையை நீட்டவில்லை.
நான் வேலையிலிருந்து வந்தபோது
சமையலறைக் கிண்ணத்தில்
சைக்கிள் கடைக்காரரின் சேவல் மிதந்துகொண்டிருந்தது.

கத்தத்தான் வாய் திறந்தேன்.
மாவுக்கட்டு பளபளத்தது.
முதலில் வார்னிஷ் அடித்து, காயவிட்டு,
அதற்குப் பிறகே படத்தைத் தொட்டிருக்கிறாள்.
எப்போது பார்த்து வைத்தாளோ.
இடுக்கியை எடுத்து அருகில் உட்கார்ந்தேன்.
"வேணாம். நீ தண்ணிய மாத்து" என்றாள்.
மாற்றினேன்.

ஆறு வாரம் பறந்தார்கள்,
டிராமில், கணக்குத் தேர்வில், போர்வைக்கடியில்.
ஆங்கிலேய வட்டமும் ஆஸ்திரியச் சிலுவையும்
மணிக்கட்டருகே ஒரே உயரத்தில்,
மோதாமல்.
எண் ஏழு பீட்ரூட் சூப்பில் நனைந்தது.
புகைப்படம் மங்கலான ஆள் முழங்கை மடிப்பில்;
அங்கேயும் அவர் முகம் தெளியவில்லை.

மருத்துவர் வட்ட ரம்பத்தோடு வந்தார்.
"எங்கே வெட்டக்கூடாது?"
அவள் நீண்ட நேரம் யோசித்து, விரலால்
ஒரு வழி வரைந்து காட்டினாள்.
ரம்பம் சேவலின் வாலை உரசிக்கொண்டு போயிற்று.

வெளியே வந்த கை மெலிந்து, வெளுத்து, செதில் உதிர்ந்தது.
தன்னுடையதுதானா என்று முகர்ந்து பார்த்து
முகம் சுளித்தாள்.
என்னிடம் இரண்டு பாதி தந்தார்கள்: வலம், இடம்.
விமானத்தின் உடலும் பெட்டியிலிருந்து
இப்படித்தான் வரும்.
என்னைக் கேட்காமலே என் விரல்கள்
இரண்டையும் சேர்த்துப் பிடித்து,
இணைப்புக் கோடு எங்கே பிசகுகிறதென்று
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பின.

உள்ளே விமானி இல்லை.
அவள் நடைகூடத்தின் கோடியில்
சாக்லேட் இயந்திரத்துக்கு
இடது கையாலேயே
ஒவ்வொரு காசாய்ப் போட்டுக்கொண்டிருந்தாள்.